சிங்கப்பூர் – நியூயார்க்: நேரடி விமானமா, ஃபிராங்க்ஃபர்ட் வழியா?

வணக்கம். ஜூலையில் அம்மாவை நியூயார்க்கில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அழைத்துப் போகிறேன். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையம் சுமார் 15,300 கிலோமீட்டர். நேரடி விமானத்தில் 18 மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும். அதில் எகானமி வகுப்பே கிடையாது, டிக்கெட் விலையைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. ஃபிராங்க்ஃபர்ட் வழியாகப் போனால் நடுவில் கொஞ்சம் காலாற நடக்கலாம், ஆனால் கிட்டத்தட்ட ஒரு நாளே ஓடிவிடும். அம்மாவுக்கு 70 வயது, மூட்டுவலி வேறு. வயதானவர்களோடு இப்படிப் போனவர்கள் இருக்கிறீர்களா? எது தேவலை?

அப்புறம், ஜூலையில் நேர வித்தியாசம் சரியாக 12 மணி. இரவு போடும் சர்க்கரை மாத்திரையை எந்த ஊர்க் கணக்கில் கொடுத்தீர்கள்? டாக்டரிடமும் கேட்கப் போகிறேன், இருந்தாலும் அனுபவப்பட்டவர்கள் சொன்னால் தைரியமாக இருக்கும்.