சிங்கப்பூரில் முலாம் பூசிய சிலைக்கு முழு வரியா?

வணக்கம். சுவாமிமலையில் சிற்பப் பட்டறை வைத்திருக்கிறோம். எங்கள் பஞ்சலோக நடராஜர் ஒன்றை சிங்கப்பூர் கண்காட்சிக்கு அனுப்பினோம். விற்கவில்லை, இன்றும் எங்கள் சொத்துதான். போன இடத்தில் திருவாசியில் (சிலையைச் சுற்றியுள்ள வளைவில்) விரிசல். அங்கேயே பற்றவைத்து, மேலே தங்க முலாமும் பூசியாயிற்று. இப்போது திருச்சி விமான நிலையம் வழியாகத் திரும்பி வருகிறது.

இந்திய அரசின் 45/2017 சுங்க அறிவிக்கையைப் படித்தேன். பழுதுபார்க்க வெளிநாட்டுக்கு அனுப்பிய பொருள் 3 ஆண்டுக்குள், கைமாறாமல் திரும்பினால், பழுதுச் செலவு, அதற்குப் போட்ட பொருள், போகவர இன்சூரன்ஸ், சரக்குக் கூலி ஆகியவற்றின் மேல் மட்டும் வரி. இலவசமாகச் செய்து கொடுத்திருந்தாலும் நியாயமான செலவைச் சேர்ப்பார்கள். உருக்கி மறுபடி வார்த்தால் அது அதே பொருள் இல்லையாம். வார்ப்புக்காரன் எனக்கு அது சரியாகவே படுகிறது!

சிக்கல் என்னவென்றால், நாங்கள் அனுப்பியது கண்காட்சிக்கு, பழுதுக்கு அல்ல. முலாம் பழுதுபார்ப்பா, புது வேலையா? சுங்க ஏஜென்ட் சிலையின் முழு மதிப்புக்கும் வரி என்கிறார். தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழில் படம் இருக்கிறது, ஆனால் நிறம் மாறிவிட்டதே. அதே சிலைதான் என்று நிரூபிக்க எடையும் அளவும் காட்டினால் போதுமா? நாச்சியார்கோவில் விளக்கு, தஞ்சாவூர் வீணை என்று இப்படித் திரும்ப எடுத்தவர்கள் யாராவது இருந்தால், என்னென்ன காகிதம் கொடுத்தீர்கள் என்று சொல்லுங்கள்.