ஆம்புலன்ஸில் ஏறும் தன்னார்வலருக்கு என்ன தகுதி வேண்டும்? நேரில் கண்டவற்றைப் பகிர்வோம்

தாம்பரத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

ஆம்புலன்ஸில் தன்னார்வலராகச் செல்வதற்கு ஒரு நாள் முதலுதவிப் பயிற்சியும் ஒரு சான்றிதழும் போதும் என்று சொல்பவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். ஓர் அறக்கட்டளையின் வண்டியில் வார இறுதிகளில் சென்று வரும் எனக்கு, அது போதவே போதாது என்று உறுதியாகத் தோன்றுகிறது.

பெருங்களத்தூர் அருகே ஜி.எஸ்.டி. சாலையில் இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்து கிடந்த ஓர் இளைஞரிடம் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, அங்கே கூடியிருந்தவர்கள் அவருடைய கைகளையும் கால்களையும் பிடித்து ஆட்டோவில் ஏற்ற முனைந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் சோடா வாங்கி வந்து அவர் வாயருகே நீட்டினார். எல்லோருக்கும் நல்ல எண்ணம்தான். எங்களுடன் வந்த மூத்த தன்னார்வலர் அவர்களை நிறுத்தச் சொல்லிவிட்டு, தரையில் மண்டியிட்டு, அடிபட்டவரின் தலையை இரு கைகளாலும் அசையாமல் பிடித்துக்கொண்டார். ஒருவர் தாடையையும் பிடரியையும் தாங்க, மற்றவர் தலைக்கவசத்தை மெல்லக் கழற்ற, அதன் பிறகே தலையும் முதுகும் இடுப்பும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி உடலை உருட்டிப் பலகையில் ஏற்றினோம். கழுத்தெலும்பு முறிந்திருந்தால் ஒரு தவறான அசைவே தண்டுவடத்தைச் சேதப்படுத்திவிடும் என்பதும், நினைவு மங்கியவருக்குக் கொடுக்கும் சோடா மூச்சுக்குழாய்க்குள் இறங்கக்கூடும் என்பதும் புத்தகத்தில் படித்தால் எளிதாகவே இருக்கின்றன. நெரிசலுக்கும் கூச்சலுக்கும் நடுவில் கை தானாக அதைச் செய்ய வேண்டுமென்றால், மீண்டும் மீண்டும் செய்து பழகியிருக்க வேண்டும்.

2018 முதல் நடைமுறையில் உள்ள ஏ.ஐ.எஸ்.-125 என்னும் இந்திய வாகனத் தரவிதி, ஆம்புலன்ஸ்களை நான்கு வகைகளாகப் பிரித்து, உள்ளே என்னென்ன இருக்க வேண்டும் என்று விரிவாகச் சொல்கிறது. ஆனால் அது வண்டிக்கான விதி. அதில் ஏறும் தன்னார்வலரின் கைத்திறனை அளப்பது அவரை அனுப்பும் அமைப்பின் பொறுப்பாகிவிடுகிறது. அந்தப் பொறுப்பை எல்லா அமைப்புகளும் ஒரே அளவு கவனத்துடன் ஏற்பதில்லை என்பதே என் கவலை.

வியாசர்பாடியிலிருந்து ஓர் உறுப்பினர்:

ஐயா சொல்வது முற்றிலும் சரி. வலிப்பு வந்தவரின் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதை நம் தெருக்களில் யார்தான் பார்த்ததில்லை? முதலுதவிச் சான்றிதழ் வைத்திருந்த ஒரு தன்னார்வலரே பதற்றத்தில் ஒருவருடைய பற்களுக்கிடையே கரண்டியைச் செருகப் போனதை நான் பார்த்தேன். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலை மோதாமல் பார்த்து, வலிப்பு எத்தனை நிமிடம் நீடிக்கிறது என்று கடிகாரத்தில் கவனிப்பதே செய்ய வேண்டியது. 5 நிமிடங்களைத் தாண்டினால் அது உயிருக்கு ஆபத்தான நிலை.

இதயத் துடிப்பு நின்றவருக்கு மார்பை அழுத்திச் செய்யும் நெஞ்சழுத்தமும் அப்படியே. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம் என்று எல்லோரும் ஒப்பிப்பார்கள். பயிற்சிப் பொம்மையின் முன் அமர வைத்தால், ஒரு நிமிடத்துக்குள்ளேயே பலருடைய அழுத்தம் ஆழம் குறைந்துவிடுகிறது. அதனால்தான் 2 நிமிடங்களுக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்கிறார்கள். அடிப்படை உயிர்காப்புப் பயிற்சிக்கு அமெரிக்க இதயச் சங்கம் தரும் சான்றிதழ் 2 ஆண்டுகளுக்குச் செல்லும் என்றாலும், பழகாவிட்டால் சில மாதங்களிலேயே திறன் தேயத் தொடங்குகிறது.

சட்டம் நம்மைக் காக்கும் என்று சிலர் வாதிடுகிறார்கள். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவு, விபத்தில் சிக்கியவருக்குக் கைம்மாறு கருதாமல் நல்லெண்ணத்துடன் உதவுபவரை வழக்குகளிலிருந்து காப்பது உண்மையே. வழிப்போக்கர் தயங்காமல் உதவ வேண்டும் என்பதற்காக வந்த அந்தப் பாதுகாப்பை, சீருடை அணிந்து வண்டியில் வருபவர் பயிற்சிக்கு மாற்றாகக் கருதுவது நியாயமாகாது. சீருடையைக் கண்டதும் கூட்டம் விலகி, நோயாளியை முழுமையாக நம்மிடம் ஒப்படைத்துவிடுகிறதே!

தாம்பரம் உறுப்பினர்:

நன்றி. நோயாளியை மருத்துவமனையில் ஒப்படைக்கும் பேச்சையும் பயிற்சியில் சேர்க்க வேண்டும். அரசு மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவில் நிலையின் அவசரத்தைப் பொறுத்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளிகளைப் பிரிக்கும்போது, எத்தனை மணிக்கு அடிபட்டார், நினைவு எப்போது தவறியது, வழியில் என்ன செய்தோம் என்பதை அரை நிமிடத்தில் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவரால் அங்குள்ள மருத்துவக் குழுவின் வேலை எளிதாகிறது. எங்கள் குழுவில் இப்போது மூன்று மாதங்களுக்கு ஒருமுறை செய்முறைத் தேர்வு நடத்துகிறோம். அதில் தேறாதவர், எத்தனை ஆண்டுகள் அனுபவம் உள்ளவராயினும், மறுதேர்வில் தேறும் வரை தொலைபேசி அழைப்புகளையும் ஆக்சிஜன் சிலிண்டர் சரிபார்ப்பையும் மட்டுமே கவனிப்பார்.