1972ஆம் வருடப் பலகை: பழைய ‘லை’யை அப்படியே விடலாமா?

கொடிமேடை:
எங்கள் பள்ளிச் சாரணர் படையின் பெயர்ப்பலகை நாலடி நீளத் தேக்கு. எழுத்தெல்லாம் உளியால் குடைந்தது, ஓரத்தில் 1972 என்று இருக்கிறது. கொடிக்கம்பத்துக்குப் பின்னால் வெயிலிலும் மழையிலும் நின்று, அடிப்பக்கம் நாலு விரல் அகலத்துக்கு உளுத்துவிட்டது. மேலே மூன்று நான்கு பூச்சு எனாமல். ஃபிளெக்ஸ் அடித்து மாட்டலாம் என்கிறார்கள், எனக்கு மனம் வரவில்லை. ‘உயர்நிலைப்பள்ளி’யில் துதிக்கை வைத்த பழைய ‘லை’ இருக்கிறது, 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையது. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் அதை விரலால் தடவி, “இது என்ன எழுத்து சார்?” என்று கேட்டான். பிள்ளைகளோடு சேர்ந்து இதைச் சரிசெய்ய ஆசை. எங்கே தொடங்குவது? இப்போது நாங்கள் மேல்நிலைப்பள்ளி. பெயரையும் மாற்ற வேண்டுமா?

இழைப்புளி:
சார், கை வைக்கும் முன் மெல்லிய தாளை விரித்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்து எழுத்தைப் படியெடுத்துவிடுங்கள். உளுத்ததை நல்ல மரம் தட்டுப்படும்வரை நேராக அறுத்துவிட்டு, பழைய நிலை, கதவு விற்கும் கடையில் தேக்குத் துண்டு வாங்கி ஒட்டுப்போடலாம். ரேகை ஒரே வாக்கில் ஓடட்டும். சாதாரண வெள்ளைப் பசை மழைக்கு நிற்காது, எபாக்ஸி போடுங்கள். இரும்பு ஆணி துருவேறித் தேக்கைக் கறுப்பாக்கும், பித்தளைத் திருகாணிதான் சரி. பலகையின் இரண்டு தலைப்புகளும்தான் அதிகம் தண்ணீர் குடிக்கும். அங்கே பிரைமரை இரண்டு தடவை பூசுங்கள்.

வேம்படி:
ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். அந்தக் காலத்து எனாமலில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்டில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பிள்ளைகளை உப்புத்தாள் தேய்க்க விடாதீர்கள். பெரியவர் ஒருவர் முகக்கவசம் போட்டு, தண்ணீர் நனைத்துத் தேய்க்கட்டும். தூளைக் காற்றில் விடாமல் துணியால் துடைத்துக் கட்டி வையுங்கள். படியெடுப்பதற்கு முன் பெயின்ட் உதிர்கிறதா என்றும் பாருங்கள். உதிர்ந்தால் படியையும் நீங்களே எடுத்துவிடுங்கள்.
‘லை’யைத் தொடாதீர்கள் சார். அந்தப் பையன் கேட்டானே, அது போதும்.

கொடிமேடை:
இருவருக்கும் நன்றி. ஈயம் பற்றி நான் யோசிக்கவே இல்லை. நேற்று பெயின்ட் உதிரும் இடங்களை ஈரத்துணியால் துடைத்துவிட்டு நானே படியெடுத்தேன். சுரண்டுவதும் என் வேலை. ஒட்டுப்போட்ட பிறகு பிரைமர், எழுத்துக்கு வண்ணம் எல்லாம் பிள்ளைகள் கையால். பழைய பெயர் அப்படியே இருக்கும். அதன் கீழே சின்னப் பலகை ஒன்றில் ‘மேல்நிலைப்பள்ளி’ என்று இன்றைய ‘லை’யில் எழுதப்போகிறோம். அதை எழுதப்போவது அந்தப் பையன்தான்.