கார் ஆம்ப்ளிஃபயரின் இரைச்சலுக்கு ‘புவி வளையம்’ பொருந்துமா? ‘மீள்வழிக் கண்ணி’ என்ற சொல்லுக்கான முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். வாங்கிய பிறகு கார்களில் பொருத்தப்படும் ஆம்ப்ளிஃபயர்களின் கோளாறுகளைக் குறிக்க நாம் தொகுத்துவரும் சொற்பட்டியலில், ‘கிரவுண்ட் லூப்’ (எர்த் இணைப்புகளுக்கிடையே உருவாகும் வேண்டாத சுற்றுவழியால் ஸ்பீக்கரில் இரைச்சல் கலக்கும் கோளாறு) என்பதற்கு ‘புவி வளையம்’ என்ற சொல் இடப்பட்டுள்ளது. அதற்கு மாற்றாகத் ‘தரைக் கண்ணி’ என்ற சொல்லும் பிறகு வந்தது. இரண்டையும் ஏற்கத் தயங்குகிறேன். இந்தக் கோளாற்றோடு நான் நேரடியாகப் போராடியவன் என்பதால் காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தெளிவு. ‘ஒலிபெருக்கி’ என்ற சொல் பேச்சிலும் எழுத்திலும் ஸ்பீக்கருக்கு நிலைத்துவிட்டதால், ஆம்ப்ளிஃபயரைப் பாடநூல் வழக்கின்படி ‘பெருக்கி’ என்றே குறிப்பிடுகிறேன்.

வீட்டு மின்னிணைப்பில் ‘புவித்தொடுப்பு’ என்பது பொருள் பிசகாத சொல். அங்கே கம்பி உண்மையிலேயே மண்ணுக்குள் இறங்குகிறது. காரோ நான்கு ரப்பர் சக்கரங்களின் மேல் நிற்கிறது. அதன் மின்சுற்றுக்கும் மண்ணுக்கும் தொடர்பே கிடையாது. பேட்டரியின் நேர்முனையிலிருந்து புறப்படும் மின்னோட்டம், கருவியைக் கடந்து, காரின் இரும்புக் கூட்டின் வழியாக எதிர்முனைக்குத் திரும்புகிறது. தனியாக இன்னொரு கம்பி இழுக்க வேண்டிய இடத்தில் கூடே கம்பியாகிறது, அவ்வளவுதான். சென்னையில் கார் உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் ‘பாடி எர்த்’ என்று சொல்பவர்கள் அதைத்தான் குறிக்கிறார்கள். ‘பாடி’ என்ற முதற்பாதி அவர்களைச் சரியான இடத்துக்கு அழைத்துச் சென்றுவிடுகிறது. நாமோ அந்தப் பாதியை விட்டுவிட்டு, ‘எர்த்’ என்ற பாதியை மட்டும் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறோம்.

என் காரில் நடந்ததைச் சொன்னால் கருத்து விளங்கும். நான்கு சேனல் பெருக்கி ஒன்றைப் பின்பெட்டியில் பொருத்திய நாள் முதல், என்ஜினை முடுக்கினால் ஸ்பீக்கரில் ஓர் ஒலி ஏறும். கால் எடுத்தால் இறங்கும். பொருத்திக் கொடுத்த கடையில் முதலில் ‘டைனமோ’ சரியில்லை என்றார்கள். பிறகு, மியூசிக் செட்டிலிருந்து பெருக்கிக்கு இசையைக் கொண்டுவரும் ஆர்.சி.ஏ. ஒயரின் நடுவே ஓர் இரைச்சல் வடிகட்டியைச் செருகினார்கள். ஒலி குறைந்தது, ஆனால் அடிநாதமும் மெலிந்துவிட்டது. அந்த வடிகட்டி என்பது சிறிய மின்மாற்றிதான். மலிவானவற்றில் தாழ்ந்த அதிர்வெண்கள் முழுமையாகக் கடந்து வருவதில்லை. கடைசியில் வடிகட்டியை எடுத்துவிட்டு நானே சோதித்தேன். பெருக்கியிலிருந்து ஆர்.சி.ஏ. ஒயரைக் கழற்றியதும் ஒலி முற்றிலும் நின்றது. ஆகவே பெருக்கிக்குள் பழுதில்லை. அதை மீண்டும் செருகி, பாட்டை உரக்க வைத்து, பெருக்கியின் எதிர்முனைக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே மல்ட்டிமீட்டரை வைத்தபோது 0.6 வோல்ட் காட்டியது. அங்கே அநேகமாக ஒன்றுமே காட்டக் கூடாது. 20 ஆம்பியர் ஓடும்போது 0.6 வோல்ட் என்றால் வழியில் 0.03 ஓம் மின்தடை இருக்கிறது என்று பொருள். தேடிப் பார்த்ததில், எதிர்க்கம்பி இருக்கையின் போல்ட்டில், பெயிண்டின் மேலேயே முறுக்கப்பட்டிருந்தது. வேறோர் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் தனி போல்ட் இட்டு, 45 சென்டிமீட்டருக்கு மேல் போகாத தடித்த கம்பியால் இணைத்தேன். அளவு 0.05 வோல்ட்டாக இறங்கியது. அந்த ஒலியும் போய்விட்டது.

இங்கே நடந்தது என்ன? டாஷ்போர்டில் இருக்கும் செட் ஓரிடத்தில் கூட்டோடு இணைந்திருக்கிறது. பெருக்கி வேறோர் இடத்தில். ஆர்.சி.ஏ. ஒயரின் மேலுறைப் பின்னல் இரண்டையும் மறுபடி இணைக்கிறது. இதனால் பெருக்கியிலிருந்து திரும்பும் மின்னோட்டத்துக்கு இரண்டு வழிகள் கிடைக்கின்றன. போல்ட் இணைப்பில் தடை கூடினால், ஒரு சிறு பங்கு பின்னல் வழியே செட்டைச் சுற்றிக்கொண்டு திரும்புகிறது. இசைக்குறிகைக்கும் (சிக்னலுக்கும்) அந்தப் பின்னலே அளவுகோலாக இருப்பதால், அதில் ஏறும் சில மில்லிவோல்ட் ஏற்ற இறக்கமும் இசையோடு சேர்ந்து பெருக்கப்படுகிறது. ஆக, கோளாற்றின் உயிர்நிலை, திரும்பும் வழி ஒன்றுக்கு இரண்டாகிப் போனதில் இருக்கிறது. சொல்லும் அதையே காட்ட வேண்டும் என்பது என் வாதம்.

அதனால் ‘மீள்வழிக் கண்ணி’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். ‘புவி வளையம்’ என்று படிப்பவர் எங்கே தேடுவார்? ‘மீள்வழி’ என்று படிப்பவர் எதிர்க்கம்பி போய்ச் சேரும் போல்ட்டைத் தேடுவார். ‘தரை’யில் வேறொரு சிக்கலும் உண்டு. காருக்குத் தரை என்றால் காலடித் தகடுதான். ‘தரையோடு இணைக்கவும்’ என்று எழுதினால், பெயிண்ட் பூசிய அந்தத் தகட்டில் திருகாணியை இறக்குவதே போதும் என்று தோன்றிவிடும். ‘கண்ணி’ என்ற பகுதியை முன்மொழிந்த நண்பரிடமிருந்து நன்றியோடு எடுத்துக்கொள்கிறேன். வளையம் வேண்டுமென்றே செய்யப்படுவதாகவும் இருக்கலாம். கண்ணியில் அகப்படவே செய்கிறோம். கண்ணியை ‘அறுக்கலாம்’ என்பதும் வசதி. அந்த வடிகட்டியைக் ‘கண்ணி அறுப்பி’ என்று சொல்ல வழி பிறக்கிறது.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு எழும். வீட்டில் கணினியையும் ஒலிக்கருவியையும் இணைக்கும்போது வரும் இதே வகைக் கோளாற்றில், கண்ணி புவித்தொடுப்புக் கம்பிகளின் வழியாகவே உருவாகிறது. அங்கே ‘மீள்வழி’ பொருந்தாது. உண்மைதான். அங்கே ‘புவிக் கண்ணி’ இருக்கட்டும். ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கியதை நாமும் ஒரே சொல்லில் அடக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. காதில் விழும் ஒலியும் வேறு. வீட்டில் வருவது 50 ஹெர்ட்ஸை ஒட்டிய ரீங்காரம். என்ஜினால் சுழன்று காருக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலோ மூன்று கட்ட மின்னோட்டம் ஆறு டையோடுகளால் நேராக்கப்படுவதால், ஆறு இணைத் துருவங்கள் கொண்ட ஆல்டர்னேட்டர் ஒரு சுற்றுக்கு 36 சிற்றலைகளைத் தருகிறது. என்ஜினைவிட அது இரண்டரை மடங்கு வேகத்தில் சுழன்றால், என்ஜினின் நிமிடத்துக்கு 900 சுற்றில் 1350 ஹெர்ட்ஸ். 2000 சுற்றில் 3000 ஹெர்ட்ஸ். இந்த ஏறி இறங்கும் ஒலிக்கு ‘ஆல்டர்னேட்டர் சிணுங்கல்’ என்ற பெயரை வைக்கலாம். குழந்தையின் சிணுங்கலைக் கேட்ட எவருக்கும் விளக்கம் தேவைப்படாது.

பட்டியலில் இந்த இரண்டையும் தனித்தனிப் பதிவுகளாக வைக்க வேண்டுகிறேன். சிணுங்கல் அறிகுறி, கண்ணி காரணம். மின்கம்பியும் ஆர்.சி.ஏ. ஒயரும் ஒரே பக்கமாக ஒட்டி ஓடினாலும் சிணுங்கல் வரலாம். அங்கே கண்ணி இல்லை. என்ஜின் நின்றிருக்கும்போதும் மாறாமல் ஒலிக்கும் ‘உஸ்’ஸென்ற ஒலி பெரும்பாலும் பெருக்க அளவை (கெயின்) வரம்பு மீறித் திருகியதால் வருவது; அதையும் இதனோடு சேர்க்கக் கூடாது.

விளக்கமாக இதை வைக்கலாம்: ‘மீள்வழிக் கண்ணி: பேட்டரியின் எதிர்முனைக்குத் திரும்பும் மின்னோட்டம், வண்டிக்கூட்டின் வழியாகவும் குறிகைக் கம்பியின் உறை வழியாகவும் பிரிந்து ஓடுவதால் ஒலியில் இரைச்சல் கலக்கும் நிலை.’

‘பாடி எர்த்’துக்குக் ‘கூட்டு இணைப்பு’ என்று எழுதினால், பல இணைப்புகள் ஒன்றுசேர்ந்தது என்ற பொருள் வந்து குழப்புகிறது. ‘கூட்டுடல் முனை’ என்பதும் எனக்கு நிறைவளிக்கவில்லை. வண்டி மின்வேலை செய்யும் நண்பர்கள் நம்மிடையே இருந்தால், அவர்கள் சொல்லக் கேட்டு அந்தப் பதிவை முடிக்கலாம். அதுவரை ‘பாடி எர்த்’ என்றே இருக்கட்டும்.

அன்புடன்.