சூரத் ஸ்டென்ட்டா, வெளிநாட்டு ஸ்டென்ட்டா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது, இதயத்தின் ஒரு ரத்தக்குழாயில் அடைப்பு, உள்ளே ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் சின்ன கம்பி வலைக் குழல்) வைக்க வேண்டும். டாக்டர் சீட்டில் சியன்ஸ், சுப்ராஃப்ளெக்ஸ் என்று இரண்டு பெயரை எழுதி "எது வேணுமோ சொல்லுங்க" என்று கொடுத்துவிட்டார். கத்தரிக்காயா வாங்குகிறோம்? சுப்ராஃப்ளெக்ஸ் சூரத்தில் செய்தது, சியன்ஸ் வெளிநாட்டுது என்றதும் மாமா முகத்தைச் சுளிக்கிறார். நிஜமாகவே வித்தியாசம் உண்டா?

பதில் 1: இந்த இரண்டையுமே நேருக்கு நேர் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். டேலன்ட் என்ற ஆய்வு, ஐரோப்பாவில் 1,435 பேர், 2019-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இதய நோயால் மரணம், அந்தக் குழாயால் வந்த மாரடைப்பு, அதே இடத்தில் மறுபடி சிகிச்சை, மூன்றையும் சேர்த்து ஓராண்டில் சுப்ராஃப்ளெக்ஸில் 4.9 சதவீதம், சியன்ஸில் 5.3. சூரத் ஜெயித்தது என்று அர்த்தமில்லை, சளைத்ததில்லை, அவ்வளவுதான். மாமாவுக்கு அது போதும்.

பதில் 2: சுப்ராஃப்ளெக்ஸில் கம்பியின் தடிமன் 60 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்), சியன்ஸில் 81. மெல்லிசு என்றால் ரத்த ஓட்டத்துக்கு இடைஞ்சல் குறைவு. இதற்கு நேரெதிர் அப்சார்ப், தானாகக் கரையும் ஸ்டென்ட் என்று எல்லாரும் கொண்டாடினார்கள், ஆனால் கம்பி தடிமன் 150 மைக்ரானுக்கு மேல். ஓராண்டில் உள்ளே ரத்தம் உறைந்தது 1.5 சதவீதம் பேருக்கு, சியன்ஸில் 0.7. 2017-இல் விற்பனையையே நிறுத்தினார்கள்.

பதில் 3: பிராண்டை விடுங்கள், மாத்திரையைக் கவனியுங்கள். என் மாமனார் பல் பிடுங்கப் போகிறேன் என்று யாரையும் கேட்காமல், ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் க்ளோபிடோக்ரெல் மாத்திரையை நிறுத்தினார், ஐந்தாம் நாள் ஆம்புலன்ஸ்.

கேட்டவர்: சரி, மாமாவிடம் 4.9-ஐக் காட்டினேன். "ஐரோப்பாவிலா?" என்று கேட்டுவிட்டு அடங்கிவிட்டார்.