இறைச்சிக் கடைக்காரர் வீட்டுக் கத்தி: 2019 ஏப்ரலுக்குப் பிறகு நாங்கள் பார்த்தவை

ஆசிரியை, கண்டி மாவட்டம்

இலங்கையில் ஈஸ்டர் ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டு வெடித்தபோது எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. உம்மா டிவிக்கு முன்னால் அழுதுகொண்டே இருந்தார். குண்டுதாரிகளின் உடல்களை எங்கள் மையவாடிகளில் அடக்க ஏற்க மாட்டோம் என்று மார்க்க அறிஞர்கள் சபையான ஜம்இய்யத்துல் உலமா அறிவித்ததும் வாப்பா "அதுதான் சரி" என்றார். குண்டுதாரிகளின் தலைவன் சஹ்ரானைப் பற்றி அவனுடைய ஊரான காத்தான்குடி ஆட்களே முன்பு பொலிஸில் முறையிட்டிருந்தார்கள். அந்த வாரங்களில் நான் பார்த்த செய்திகளில் இதற்கெல்லாம் ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை.

மே மாதம், நோன்பு காலம். எங்கள் தெருவில் வீடு வீடாகச் சோதனை நடந்தது. சோதனை போட்டதை நான் குறை சொல்லவில்லை, அத்தனை உயிர் போயிருந்தது. பின்னாலேயே வந்த கேமராவைத்தான் மறக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு நானா இறைச்சிக் கடை வைத்திருக்கிறார். இரண்டு கத்தி, ஒரு பழைய டோர்ச், பிள்ளைகள் ஓதுகிற நான்கு கிதாபு, எல்லாவற்றையும் மேசையில் பரப்பிப் படம் எடுத்தார்கள். இரவுச் செய்தியில் "கூரிய ஆயுதங்களும் அரபு நூல்களும் மீட்பு" என்று எங்கள் ஊர்ப் பெயரோடு ஓடியது. மறுநாள் அஸர் தொழுகைக்கு முன்னால் நானாவை விட்டுவிட்டார்கள். கத்தியும் திரும்பி வந்தது. அது எந்த அலைவரிசையிலும் வரவில்லை.

'மீட்பு' என்ற சொல்லைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இறைச்சிக் கடைக்காரர் வீட்டில் கத்தி இருந்தது என்று எழுதினால் அது செய்தியே இல்லை. மீட்பு என்று போட்டதும் அவர் ஒளித்து வைத்திருந்ததாக ஆகிவிடுகிறது. பக்கத்தில் ஒரு கிதாபையும் வைத்துவிட்டால், வேறு எதுவும் சொல்லாமலே எல்லாம் சொன்ன மாதிரி.

பயத்தில் கிதாபுகளை மண்ணில் புதைத்தவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். தம்பி மகளுக்கு அப்போது ஏழு வயது. "மாமி, இத ஓதினா புடிச்சிட்டுப் போவாங்களா?" என்று கேட்டாள்.

இல்லத்தரசி, குருநாகல்

எங்கள் குருநாகல் வைத்தியசாலையில் இருந்த வைத்தியர் ஷாபியின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தவ்ஹீத் ஜமாஅத் வைத்தியர் ஒருவர் 4,000 சிங்கள பௌத்த தாய்மாருக்குக் கருத்தடை செய்துவிட்டார் என்று 2019 மே 23 அன்று ஒரு சிங்கள நாளேடு முதல் பக்கத்தில் போட்டது. சஹ்ரானின் அமைப்பின் பெயரிலும் இருந்த சொல் அந்தத் தவ்ஹீத் ஜமாஅத். மறுநாள் இரவே அவரைக் கைது செய்தார்கள். கருத்தடை செய்ததற்கு ஆதாரம் இல்லை என்று பிறகு குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்தில் சொன்னது. 2022இல், ஆஸ்பத்திரிகளில் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்த நேரத்தில், தனக்குக் கிடைத்த நிலுவைச் சம்பளத்தை அவர் மருந்து வாங்கக் கொடுத்துவிட்டார்.

நான் சொல்ல வந்தது என் பக்கத்து வீட்டுச் சிங்களத் தங்கையைப் பற்றி. முதல் பிள்ளையை அதே வைத்தியசாலையில் சிசேரியன் செய்து பெற்றவள். அந்தப் பேப்பர் வந்த நாளிலிருந்து அவளுக்குத் தூக்கம் இல்லை. பயந்துபோன நூற்றுக்கணக்கான தாய்மாரைப் போல அவளும் போய் முறைப்பாடு கொடுத்தாள். மூன்று மாதம் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அவள் மேல் கோபம் இல்லை. இனிப் பிள்ளையே பிறக்காது என்று ஒரு பெண்ணை நம்ப வைத்தவர்கள் மேல்தான் கோபம், இன்றைக்கும். 2021இல் அவளுக்கு மகன் பிறந்தான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே என் வீட்டுக்குத்தான் வந்தாள். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை, அழுதோம்.

தமிழர், வவுனியா

ஆசிரியை எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜ்களில் இருந்த தமிழர்களை விடியற்காலையில் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்களே, அதில் நானும் ஒருவன். பாதுகாப்புக் காரணம் என்று செய்தியில் சொன்னார்கள். தங்கச்சியின் பாஸ்போர்ட் வேலையாகத்தான் நான் அங்கே போய் நின்றேன்.

அப்படிப்பட்ட நான் 2019இல் ஒரு கத்திப் படத்தை வட்ஸ்அப்பில் பத்துப் பேருக்கு அனுப்பினேன். எந்த ஊர், யார் வீடு என்று பார்க்கவில்லை. எங்களுக்கு நடந்ததை மறந்தா அனுப்பினேன்? இல்லை, 'பயங்கரவாதி' என்ற சொல் இந்தத் தடவை எங்களை நோக்கி வரவில்லை என்ற நிம்மதியில் அனுப்பினேன். கூடப் படித்த புத்தளம் நண்பன் அன்று இரவு போன் எடுத்து, "மச்சான், நீயுமா?" என்று மட்டும் கேட்டான். அதற்கு அடுத்த வாரம்தான் புத்தளம், குருநாகல், கம்பஹா பக்கம் முஸ்லிம்களின் கடைகளையும் பள்ளிவாசல்களையும் உடைத்தார்கள். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் திரும்பப் பேச எனக்கு ஒரு வருடம் ஆனது.

ஆசிரியை, கண்டி மாவட்டம்

தம்பி, எழுதியதற்கு நன்றி. நானாவிடம் வாசித்துக் காட்டினேன்.

ஒன்று கேட்க வேண்டும். அந்த இரவுச் செய்தி இன்னும் யூடியூபில் இருக்கிறது. நானாவின் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். எங்கள் ஊர்ப் பெயரைத் தேடினால் அவர்கள் வீட்டுக் கத்திதான் முதலில் வருகிறது. எடுத்துவிடச் சொல்லி இரண்டு கடிதம் போட்டோம், பதில் இல்லை. இப்படி ஒன்றை எடுக்க வைத்தவர்கள் யாராவது இருந்தால், எப்படிச் செய்தீர்கள் என்று எழுதுங்கள்.