புதுப்பிப்பு: நியான் எழுத்தும் கடைமுகப்பும் ஒரே படத்தில்

மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் நியான் பலகைகளை இரவில் எடுக்கும்போது, எழுத்து தெளிந்தால் கடைமுகப்பு இருண்டுவிடுகிறது, முகப்பு தெரிந்தால் எழுத்து வெளுத்துப்போகிறது என்று முன்பு இதே இழையில் கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

பெரிய மாற்றத்தைத் தந்தது நேரம்தான். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் பினாங்கில் அந்தி விரைவாகக் கழிந்துவிடும். ஆயினும் சூரியன் மறைந்து ஏறத்தாழ 15 நிமிடங்களில் வானில் படரும் நீல வெளிச்சம் அஞ்சடியின் (கடைகளுக்கு முன்னுள்ள கூரையிட்ட நடைபாதை) தூண்களையும் மாடிச் சன்னல்களையும் நிரப்பிவிடுவதால், எழுத்துக்கேற்ப ஒளியை அளந்தாலும் பின்னணி இருளில் மூழ்குவதில்லை.

அடுத்தது சிவப்பு. நியான் வாயுவின் செந்நிறம் கேமரா தனித்தனியே பதியும் சிவப்பு, பச்சை, நீலத் தடங்களில் சிவப்பை முதலில் நிரப்பிவிடும் என்பதால், மொத்த ஒளியின் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் சரியாகத் தோன்றும்போதே எழுத்தின் நடுப்பகுதி மஞ்சளாக மாறியிருக்கும். ஆகவே மூன்று நிறங்களின் வரைபடங்களையும் தனித்தனியே பார்த்து, சிவப்பு அதன் வலது ஓரத்தை முட்டாத அளவுக்கு ஒளியைக் குறைத்து, ரா (கேமராவின் மூலப் பதிவு) கோப்பாகவே எடுக்கிறேன். அப்போது எழுத்துகளுக்கிடையே குழாயில் பூசிய கறுப்புச் சாயம்கூடத் தெளிவாகத் தெரிகிறது. எனக்கு இதைவிட மகிழ்ச்சி வேறில்லை.

மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய டிரான்ஸ்பார்மரில் எரியும் குழாய்கள் நொடிக்கு 100 முறை துடிக்கும். கேமராவை முக்காலியில் வைத்து, ஷட்டர் திறந்திருக்கும் நேரமாக 1/50 நொடியோ 1/25 நொடியோ கொடுத்தால், முழுத் துடிப்புகளே பதிவாவதால் படத்துக்குப் படம் வெளிச்சம் மாறுவதில்லை. எல்இடி பலகைகளின் துடிப்பு வேறு. அவற்றுக்கு ஷட்டர் நேரத்தைத் தனியே சோதித்துப் பார்க்க வேண்டும்.